கடைசியில் நிரப்ப வேண்டிய கட்டம்

தேர்தல் தேதி அறிவித்த வாரத்திலிருந்து எங்கள் போதகரை யாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகவிடவில்லை. வழிபாடு முடிந்து வாசலில் நின்று அவர் கைகுலுக்கும்போது, ஒவ்வொருவரும் காதருகே குனிந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஐயா, யாருக்குப் போடலாம்?" போதகர் பதில் சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் ஒதுங்கி நிற்க நம் உலகம் கண்டுபிடித்திருக்கும் ஒரே இடம் குழு. அவரும் ஒரு குழுவை அமைத்தார்.

அதன் பெயர், 'திருச்சபையின் போதனைகளையும் அரசியல் கட்சிகளின் சமூக நிலைப்பாடுகளையும் ஒப்பிட்டு நோக்கும் நடுநிலைக் குழு'. நான் திருச்சபை அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இந்தப் பெயரை அடித்தவன் நான்தான். கொட்டை எழுத்தில் போட்டால் இரண்டரை வரி வரும்.

குழுவில் மூன்று பேர். எங்கள் திருச்சபைப் பள்ளியின் தாளாளர் ஆளுங்கட்சி. வழக்கறிஞர் எதிர்க்கட்சி. பல் டாக்டர், எந்தத் தேர்தலிலும் மூன்றாவதாகவே வருகிற கட்சி. இதில் நடுநிலை எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. போதகர் முதல் கூட்டத்திலேயே விளக்கினார்.

"நடுநிலையான ஆள் ஒருத்தர்கூட கெடைக்கல. அதனால என்ன? மூணு பேரும் மூணு பக்கம் இழுத்தா, இழுபடுற பொருள் தன்னால நடுவுல வந்து நிக்கும்."

மூவரும் தலையாட்டினார்கள். இழுபடப்போகிற பொருள் எது என்று யாரும் கேட்கவில்லை.

முதல் கூட்டம் முழுவதும் மேசை விரிப்பிலேயே போனது. பச்சை விரிப்பைப் பார்த்ததும் வழக்கறிஞர் உட்கார மறுத்தார். அது ஆளுங்கட்சியின் நிறமாம். நீலம் கொண்டுவந்தேன். தாளாளர் எழுந்து நின்றார். மஞ்சளுக்கு பல் டாக்டர் மட்டும் உட்கார்ந்தார், மற்ற இருவரும் எழுந்தார்கள். வெள்ளையில் போன வருடம் ஒரு புதுக் கட்சி தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். கடைசியில் விரிப்பே வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அந்தக் குழு ஒருமனதாக எடுத்த முதல் தீர்மானம் அது. மேசையின் ஒரு கால் குட்டையாக இருந்தது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாவது கூட்டத்தில் வேலை தொடங்கியது. ஓர் அட்டவணை, அதில் பத்து வரிசை, நான்கு கட்டம். மது, அகதிகள், செல்வம், உழைப்பாளர் கண்ணியம் என்று தொடங்கி ஒன்பதாவது தாய்மை, பத்தாவது உலக சமாதானம். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கட்டம் திருச்சபையின் போதனை, அடுத்த மூன்றும் கட்சிகளுக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று நான் கேட்டேன்.

"கட்சியிலருந்து ஆரம்பிங்க தம்பி. நம்ம கட்டம் எங்க போயிடப் போகுது? நம்மளுதுதானே, எல்லாருக்கும் தெரிஞ்சது. கடைசில நிரப்பிக்கலாம்" என்றார் தாளாளர்.

இதுவும் ஒருமனதாக நிறைவேறியது. முதல் கட்டம் முழுக்க வெறுமையாக விடப்பட்டது.

கட்சிகளின் கட்டங்களை நிரப்ப மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொருவரும் தன் கட்சியின் தேர்தல் அறிக்கையைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தன் கட்சியின் வாக்கியத்தில் 'உறுதியாக' என்ற சொல் விடுபட்டதற்காக வழக்கறிஞர் ஒரு மணி நேரம் வாதாடினார். 'உறுதியாக' சேர்த்ததும் தாளாளருக்கு 'மிக உறுதியாக' வேண்டியிருந்தது. பல் டாக்டர் மட்டும் தன் கட்சிக்கு எந்த உரிச்சொல்லும் வேண்டாம் என்றார். உரிச்சொல்லே வேண்டாம் என்று நினைக்கும் கட்சி தன்னுடையது மட்டும்தான் என்பதை அடிக்குறிப்பில் போடச் சொன்னார். போட்டேன்.

ஒன்பதாவது வரிசையில் மட்டும் சண்டை வரவில்லை. மூன்று கட்சிகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல ஒரே வாக்கியத்தை வைத்திருந்தன: பணியாற்றும் எல்லாத் தாய்மாருக்கும் ஆறு மாத விடுப்பு.

அதை அடிக்கும் முன் இரண்டு தடவை படித்தேன். காரணம் இருக்கிறது.

என் மனைவி எங்கள் திருச்சபைப் பள்ளியில் மழலை வகுப்பு ஆசிரியை. ஒன்பது வருடமாகத் தற்காலிகம். கல்யாணமாகி எட்டு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. நாலு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் பீடத்திலிருந்து எங்களுக்காக ஜெபித்தார்கள். மொத்தச் சபையும் கண்ணை மூடிக்கொண்டு எங்களுக்கு ஒரு பிள்ளை கேட்டது. கிடைத்தது. இப்போது ஏழாவது மாதம். எட்டாவது மாதத்திலிருந்து நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று மகப்பேறு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அவள் பள்ளி நிர்வாகத்துக்கு விடுப்பு கேட்டு எழுதினாள். நிர்வாகம் என்றால் தாளாளர்.

பதில் பத்து நாளில் வந்தது. 'தாங்கள் தாய்மையடைந்திருப்பது குறித்து நிர்வாகம் பெரிதும் மகிழ்கிறது. கருவுற்ற தற்காலிகப் பணியாளர்கள் இம்மாத இறுதிக்குள் தாமாகவே முன்வந்து பணியிலிருந்து விலக வேண்டும். பிரசவத்துக்குப் பின் இடம் காலியாக இருப்பின், புதிய விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்.' இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். உறையில் போட்டு ஒட்டியவன் நான். தபால்காரனுக்கு வேலை வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நானே. பிள்ளை கேட்டு ஜெபித்தது கீழ்த்தளம், ராஜினாமா கேட்டது மேல்மாடி, நடுவில் பதினாறு படிதான்.

"தாமாகவே முன்வந்துன்னா என்னங்க?" என்று அவள் கேட்டாள்.

"அவங்க சொன்னதும் நீயா போறது."

அடுத்த நாள் வகுப்புக்கான படங்களை வெட்டிக்கொண்டிருந்தவள், வெட்டிக்கொண்டே இருந்தாள். மாதம் முடிய பதினெட்டு நாள் இருந்தது.

நாலாவது கூட்டத்தில் முதல் கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தார்கள். அப்போதுதான் ஒரு சின்ன சிக்கல் வெளியே வந்தது. எல்லோருக்கும் தெரிந்த அந்தப் போதனை என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

மது பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது? பூரண விலக்கு என்றார் வழக்கறிஞர். அவருடைய கட்சி அதைத்தான் சொன்னது. அளவோடு என்றார் தாளாளர். அவருடைய கட்சி அளவோடு விற்றுக்கொண்டிருந்தது. அது அவரவர் மனசாட்சி என்றார் பல் டாக்டர். அவருடைய கட்சியின் நிலைப்பாடு என்னவென்று அட்டவணையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் மனசாட்சிதான். திருச்சபைப் பேரவையின் தீர்மானப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்கள். தூசி தட்டிப் புரட்டினேன். அறுபது வருடத்துக்கு முன்னால் எடுத்த தீர்மானம் ஒன்று இருந்தது: 'இப்பொருள் மேலும் ஆராயப்படும்.' அடுத்த தலைப்பைப் பார்த்தேன். அதுவும் மேலும் ஆராயப்பட இருந்தது. உலக சமாதானத்துக்கு மட்டும் திருச்சபை ஆதரவு தெரிவித்திருந்தது.

"வேதத்துலயே பாத்துடலாமே ஐயா" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பார்த்தார்கள். அகதிகள் வரிசையில் மூவருக்கும் முகம் வாடியது. அந்நியனை உன்னைப்போல நேசி என்று இருந்தது. மூன்று கட்சிகளுமே எல்லையில் வேலி போடுவதாகச் சொல்லியிருந்தன, உயரத்தில்தான் வித்தியாசம்.

பல் டாக்டர்தான் வழி சொன்னார். "நேசிக்கத்தானே சொல்லியிருக்கு? உள்ள விடச் சொல்லலையே. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னே நல்லா நேசிக்கலாம்."

செல்வம் பற்றிய வரிசையைத் தாளாளர் எடுத்துக்கொண்டார். "அதெல்லாம் அந்தக் காலத்துப் பணக்காரங்களைப் பத்திச் சொன்னது தம்பி. அவங்க மோசமானவங்க. இப்ப இருக்கிறவங்கள்ல பாதிப் பேரு நம்ம கட்டட நிதிக்குக் குடுத்தவங்க."

மதிப்பெண் போடும் முறையையும் அன்றே வகுத்தார்கள். போதனையோடு ஒத்துப்போனால் ஒரு சரி. போகாவிட்டால் தவறு. ஒத்துப்போகிற எண்ணம் இருந்தால் அரைச் சரி. கூட்டிப் பார்த்தால் ஒரு கட்சிக்கு ஏழு, ஒன்றுக்கு ஐந்தரை, ஒன்றுக்கு நான்கு வந்தது. எது எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை, எனக்கும் வேலை வேண்டும். போதகர் பதறிப்போனார்.

"ஐயய்யோ, இப்படிப் போட்டா நாம ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்ட மாதிரி ஆயிடுமே. மூணும் சமமா வரணும். அதுதான் நடுநிலை."

"அப்ப கட்சியோட நிலைப்பாட்டை மாத்தணுமா ஐயா?" என்று கேட்டேன்.

வழக்கறிஞர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கட்சி அறிக்கை அச்சாகி ஊரெல்லாம் போயாச்சு. அதை எப்படி மாத்த முடியும்? போதனையை மாத்துங்க. நம்ம கட்டம் இன்னும் பென்சில்லதானே இருக்கு?"

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. போதனையை இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலம் என்று நகர்த்தினார்கள். மதுவை ஒருவருக்குக் கொடுத்தால் செல்வத்தை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். நான் அழித்தும் எழுதியும் கை ஓய்ந்துபோனேன். மாலைக்குள் மூன்று கட்சிக்கும் ஆறரை வந்துவிட்டது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். போதகர் நெகிழ்ந்துபோய், "ஆவியானவர் நம்ம நடுவுல உலாவினார்" என்றார்.

ஒன்பதாவது வரிசை மட்டும் இன்னும் வெறுமையாக இருந்தது. மூன்று கட்சிக்கும் ஒரே நிலைப்பாடு என்பதால் அங்கே எதைப் போட்டாலும் சமம் கெடாது. அதனால் யாருக்கும் அதில் அக்கறை இல்லை. போதகர் எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

"தாய்மை பத்தி நம்ம ஃபைல்ல ஏதாவது இருக்கும். எடுத்துப் போட்டுடுங்க தம்பி."

"ஐயா, அந்த ஃபைல்ல ஒரே ஒரு லெட்டர்தான் இருக்கு."

"அது போதும். சுருக்கமா இருந்தாத்தான் படிப்பாங்க."

"தாளாளர் ஐயா கையெழுத்துப் போட்டது."

"அவர் போட்டா என்ன, திருச்சபை போட்டா என்ன? ரெண்டும் ஒண்ணுதான்."

மனசு கேட்காமல் தாளாளர் பின்னாலேயே படி இறங்கினேன். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். கட்சிக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதாம். "ஐயா, நீங்க கையெழுத்துப் போட்ட லெட்டரை அப்படியே போடவா, இல்ல எதையாவது மாத்தணுமா?" என்று கேட்டேன்.

"நான் கையெழுத்துப் போட்டதை நீ யாரு மாத்துறதுக்கு? ஒரு எழுத்து மாறக் கூடாது."

தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் இப்போது நடிக்க மாட்டேன். இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பேரும் சொன்னார்கள், நிர்வாகம் மகிழ்கிற வரியை மட்டும் விட்டுவிட்டு அப்படியே அடித்தேன். அச்சுக்குப் போகும் முன் மூவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. மூவரும் படித்தார்கள். ஒவ்வொருவரும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் கட்சியின் கட்டத்தை மேலிருந்து கீழாக, வார்த்தை வார்த்தையாக, உதடு அசையப் படித்தார்கள். பல் டாக்டர் தன் அடிக்குறிப்பை இரண்டு தடவை படித்தார். முதல் கட்டத்தின் மேல் மூவருமே கையை ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைப் பீடத்திலிருந்து வாசித்தார்கள். போதகர் ஒவ்வொரு வரிசையையும் வாசிக்க, முடிவில் சபை 'ஆமென்' சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. மதுவுக்கு ஆமென் சொன்னார்கள். வேலிக்கும் ஆமென் சொன்னார்கள். போதகர் குரல் நல்ல கணீர் குரல். எதை வாசித்தாலும் அது மலைமேலிருந்து இறங்கிவந்தது போலவே இருக்கும்.

"ஒன்பதாவது, தாய்மை. திருச்சபையின் போதனை. கருவுற்ற தற்காலிகப் பணியாளர்கள் இம்மாத இறுதிக்குள் தாமாகவே முன்வந்து பணியிலிருந்து விலக வேண்டும். பிரசவத்துக்குப் பின் இடம் காலியாக இருப்பின், புதிய விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்."

"ஆமென்" என்றது சபை.

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்ததுபோல. முதலில் பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. போதகர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அதுவேதான் இருந்தது. பழக்க தோஷத்தில் அடுத்த கட்டங்களையும் வாசித்தார். ஆளுங்கட்சி, ஆறு மாத விடுப்பு. எதிர்க்கட்சி, ஆறு மாத விடுப்பு. மூன்றாவது கட்சி, ஆறு மாத விடுப்பு.

பின் பெஞ்சிலிருந்து தையல்கார அக்கா எழுந்தாள். "ஐயா, யாருக்கு ஓட்டுப் போடறதுன்னு கேட்டோம். யாருக்குப் போடக் கூடாதுன்னு மட்டும் தெளிவாத் தெரிஞ்சுபோச்சு. நல்ல வேளை, நாம தேர்தல்ல நிக்கல."

சபை சிரித்தது. மூன்றாவது பெஞ்சில் என் மனைவி வயிற்றின் மேல் கை வைத்து, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு அடங்கியதும் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. நாலு வருடம் ஜெபித்தவர்கள் ஆயிற்றே, யாருக்கு அது பொருந்தும் என்று அவர்களுக்குத் தெரியாதா? எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிமிர்ந்தும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

உலக சமாதானத்தை வாசிக்காமலேயே ஆசீர்வாதம் சொல்லி முடித்தார்கள். அடுத்த நிமிடம் போதகரின் அறையில் அவசரக் கூட்டம் கூடியது. கதவோரம் என்னை நிற்க வைத்தார்கள்.

"உள்ள இருக்க வேண்டிய லெட்டரை வெளிய கொண்டுவந்துட்டியே!" என்று தாளாளர் மேசையைத் தட்டினார். "உள்ள இருக்கிற வரைக்கும் அது விதி. வெளிய வந்தா அது தப்பு. இதுகூடத் தெரியாம எத்தனை வருஷம் வேலை பாக்கற?"

"அப்ப இது தட்டச்சுப் பிழைன்னு சபைக்கு அறிவிச்சுடலாம்" என்றார் போதகர்.

வழக்கறிஞர் கையை உயர்த்தினார். "அறிவிச்சா மட்டும் பத்தாது, நிரூபிக்கணும். இவன் அடிச்சது தப்புன்னா, அப்படி ஒரு லெட்டர் இருந்திருக்கவே கூடாது. லெட்டர் இல்லைன்னா, அந்தம்மாவுக்கு நாம லீவு குடுத்திருக்கணும். லீவு குடுத்திருந்தாத்தான் இவன் செஞ்சது தப்பு."

"இன்னும் குடுக்கலையே" என்றார் தாளாளர்.

"போன மாசத் தேதி போட்டுக் குடுங்க. ஆறு மாசம். கட்சிக்காரங்க சொன்னதைவிடக் குறைவா குடுத்தா நல்லா இருக்காது."

"இதுக்கு அரைச் சரி போட முடியாதா? மூணு மாசம்?" என்று பல் டாக்டர் கேட்டுப் பார்த்தார். யாரும் சட்டை செய்யவில்லை.

தாளாளர் எடைபோட்டுப் பார்த்தார். ஒரு பக்கம் ஆறு மாத விடுப்பு, இன்னொரு பக்கம் தான் தப்பு செய்ததாக ஆவது. கடைசியில் பேனாவைத் திறந்தார். விடுப்பு ஆணையை நானே அடித்தேன். அது முடிந்ததும் எனக்குக் கொடுக்க வேண்டிய குற்றச்சாட்டுக் குறிப்பாணையையும் என்னையே அடிக்கச் சொன்னார்கள். 'தாய்மைக்கு என்றும் மதிப்பளித்து, உரிய விடுப்பையும் ஏற்கெனவே வழங்கியுள்ள திருச்சபையின் நிலைப்பாட்டைக் கவனக்குறைவால் திரித்து அச்சிட்டமைக்காக உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' அதில் ஒரு எழுத்துப் பிழைகூட விடாமல் அடித்தேன். நடவடிக்கை எடுக்கலாம் என்று பதிலும் எழுதிக் கொடுத்தேன். ஃபைலில் இருந்த பழைய கடிதத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். தாளாளர் அதை நான்காகக் கிழித்தார்.

வீட்டுக்கு இரண்டு தாளையும் கொண்டுபோனேன். என் மனைவி ஒன்றைப் படித்தாள், இன்னொன்றைப் படித்தாள், மறுபடி முதலாவதைப் படித்தாள்.

"லீவு குடுத்துட்டாங்களா?"

"போன மாசமே குடுத்துட்டாங்களாம்."

"நீங்க தப்புப் பண்ணிட்டீங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, போதும் போதும் என்று கையை ஆட்டிக்கொண்டே சிரித்தாள். பிறகு அப்படியே அழுதாள். ஒன்பது வருடம் வேலை பார்த்தவளுக்கு, புருஷன் தப்புப் பண்ணினால்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் அழாமல் என்ன செய்வாள்? அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் அவ்வளவு கோபம் என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை.

மறுநாள் திருத்திய அட்டவணையை மறுபடி அச்சடிக்க உத்தரவு வந்தது. ஒன்பதாவது வரிசையில் ஆறு மாதம் என்று போட்டேன். தாளை எடுத்துக்கொண்டு மூவரிடமும் கையெழுத்துக்குப் போனேன். மூவரும் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தத்தம் கட்சியின் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது, பள்ளியைப் பெருக்குகிற அக்கா என் மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடமாக அவளும் தற்காலிகம். கையில் ஒரு கடிதம் வைத்திருந்தாள். மடித்த மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது.

"தம்பி, உன் பொண்டாட்டிக்கு ஒரு தப்புப் பண்ணிக் குடுத்தியாமே. எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடேன்."

"அப்படியெல்லாம் இல்லக்கா. அது ஏதோ தேர்தல் வந்ததால."

"அடுத்த தேர்தல் எப்போ?"

"அஞ்சு வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும் என் முட்டி தாங்காது. பண்றதா இருந்தா இப்பவே பண்ணு."

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது தரச் சொல்லி அவள் கேட்டதற்குப் பதில். 'தங்கள் நீண்டகால உழைப்பை நிர்வாகம் பெரிதும் மதிக்கிறது. நிற்க இயலாதவர்கள் பணியில் நீடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.' கீழே தாளாளர் கையெழுத்து தெளிவாக இருந்தது. இதையும் நான்தான் அடித்திருக்க வேண்டும், நினைவில் இல்லை. அட்டவணையைத் திரையில் திறந்தேன். நாலாவது வரிசை, உழைப்பாளர் கண்ணியம்.

"உக்காருங்கக்கா" என்றேன்.

அச்சகத்துக்கு ஐந்து மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மணி மூன்றரைதான் ஆகியிருந்தது.